நாலு மணி அலை

நாலாம் நம்பர் மிஷினில் அந்த அலை நாலு மணிக்கு வரும். முன்னே பின்னே பத்து நிமிடம் ஆகலாமே தவிர, வராமல் இருந்ததில்லை. அதுவரை வழவழவென்று ஒரே கனத்தில் போய்க்கொண்டிருக்கும் கறுப்புத் தண்ணீர்க்குழாய் திடீரென்று ஓரிடத்தில் தடிக்கும், ஒரு முழம் தள்ளி மெலியும், மறுபடி தடிக்கும். விரலால் தடவினாலே தெரியும். அளந்து பார்த்தால் கேட்கவே வேண்டாம். வேகத்தைக் குறைத்து, குழாயை இழுக்கும் இழுவையைக் கூட்டி, எதை எதையோ செய்து அவள் ஏழு மணிக்குள் ஓரளவு வழிக்குக் கொண்டுவருவாள். ஆனாலும் மூன்று மணி நேரக் குழாய் போனது போனதுதான். அத்தனையும் வெட்டி அரவைக்கு அனுப்ப வேண்டியது.

அந்த மிஷினுக்கு மூன்று ஆட்கள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஓட்டுபவர் அவளுடைய வீட்டுக்காரர். இரண்டிலிருந்து பத்து வரை அவள். பத்துக்கு மேல் வருகிறவர் எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பார் என்பதால் முணுமுணுப்பு என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அலை வருவது அவளுடைய ஷிப்டில் மட்டும். வீட்டுக்காரர் ஓட்டும்போது குழாய் சொன்ன பேச்சைக் கேட்கும். முணுமுணுப்பு ஓட்டும்போதும் கேட்கும். ஒரே மிஷின், ஒரே பிளாஸ்டிக் குருணை, ஆள் மட்டும்தான் வேறு. இதற்குமேல் துப்பறிய என்ன இருக்கிறது என்று ஷெட்டே கூடி முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்டியதோடு நிற்காமல் அவளுக்கு அலையக்கா என்று பெயரும் வைத்தது. பெயர் வைப்பதில் மட்டும் அந்த ஷெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எல்லாரும் சொன்ன காரணம் அவள் கை. இரண்டு வருடங்களுக்கு முன் பேக்கிங் பகுதியிலிருந்து மிஷினுக்கு வந்த முதல் பெண் அவள்தான். வந்த முதல் வாரமே, மிஷின்மேல் இருக்கும் தொட்டியான ஹாப்பரில் குருணை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஏறியபோது, மேல்படியில் கால் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கே அலையும் வந்தது. கை உடைந்தபிறகு அவளுக்குக் கை வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். முதலில் கோபப்பட்டாள். பிறகு பதில் சொல்வதை விட்டாள். ஒரு வருடம் போனதும், யாரும் பார்க்காதபோது தன் மணிக்கட்டைத் தானே திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது என்பதுதான் உண்மை.

இந்த நிலையில்தான் மேனேஜர் ஒரு வாரப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். வெளியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வருவார். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை கேன்டீன் மாடியில் வகுப்பு. சனிக்கிழமை ஒவ்வொருவரும் அவரவர் மிஷின் பக்கத்தில் நின்று, அங்கே வரும் ஒரு கோளாறுக்குக் காரணம் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அது வெறும் பரீட்சை. அவளை மட்டும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, காரணம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அரவைப் பகுதிக்குப் போய்விடும்படி சொன்னார். அரவை என்றால் காதில் பஞ்சு, மூக்கில் துணி, எட்டு மணி நேரமும் தூசி. அங்கே போன ஆபரேட்டர் எவரும் மிஷினுக்குத் திரும்பியதில்லை.

அதைவிடக் கசந்தது, முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் சொன்னது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. மற்ற நாளெல்லாம் அவர் கிளம்பும்போது அவள் தூக்கம், அவள் திரும்பும்போது அவர் தூக்கம். ஷிப்ட் மாறும் இரண்டு மணிக்கு மிஷின் பக்கத்தில் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. அப்போதும் அவர் பேசுவது, எல்லாம் நல்லா ஓடுது, பார்த்து ஏறு என்ற இரண்டே வாக்கியம். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பார்த்துக்கொண்டே, "அரவைக்கே போயிடேன். அங்க ஏறி இறங்கற வேலை இல்ல. இது உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துபோனாள்.

வகுப்பில் முதல் நாளே அவளுக்குத் தலை சுற்றியது. இன்ஜினியருக்கு வயது முப்பதுகூட இருக்காது. எல்லாரும் அவரை டீச்சர் என்று கூப்பிட, அவர் இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். பலகையில் மிஷினைக் குறுக்காக வெட்டியது போல் படம் போட்டார். மேலே ஹாப்பர், அதிலிருந்து குருணை இறங்கும் தொண்டை, உள்ளே சுழன்று தள்ளிக்கொண்டே போகும் ஸ்குரூ, உருகியதைக் குழாயாக வடிக்கும் டை. அதுவரை புரிந்தது. அப்புறம் அழுத்தம், ஆம்பியர், உருகும் வேகம், இழுக்கும் வேகம் என்று நாலு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தபோது, பலகையில் யாரோ நூல்கண்டைக் கலைத்துப் போட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் ஆறு கட்டம்: நேரம், என்ன பார்த்தேன், என்ன மாற்றியது, யார் மாற்றியது, ஏன் மாற்றியது, பிறகு என்ன ஆனது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் தொட வேண்டும், தொட்டபின் இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது டீச்சரின் சட்டம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? அந்த ஷெட்டில் கோளாறு வந்தால் ஆளுக்கொரு குமிழைத் திருகுவார்கள். எது சரியாக்கியது என்று எவருக்கும் தெரியாது. சரியானதும் கடைசியாகத் திருகியவர் மீசையை முறுக்கிக்கொள்வார்.

டீச்சர் ஒவ்வொருவரிடமும் கோளாறு எப்போது ஆரம்பித்தது, அன்றைக்கு என்ன மாறியது என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவள் முறை வந்தபோது வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"என் கை உடைஞ்சுது, டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கை உடைந்ததால் வேறு எதெல்லாம் மாறியது என்று யோசித்துப் பாருங்கள் என்றார். என்ன மாறும்? ஆறு வாரம் அவளுக்கு வீட்டுக்காரர் தலைவாரிவிட்டார், அதுவும் கோணலாக. அதையெல்லாம் தாளில் எழுத முடியுமா? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று மாலை சட்டப்படி நடந்தாள். நாலு மணிக்கு அலை வந்தது. மிஷினின் முதல் பகுதிச் சூட்டை ஐந்து டிகிரி குறைத்துவிட்டு இருபது நிமிடம் நின்றாள். அலை குறையவில்லை. பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அடுத்ததைத் தொட்டாள். அதற்கும் அசையவில்லை. தாள் நிறைந்ததே தவிரக் குழாய் திருந்தவில்லை. இத்தனை நாள் பத்துக் குமிழைத் திருகிக் குழம்பியவள், இப்போது ஒவ்வொன்றாகத் திருகிக் குழம்பினாள்.

செவ்வாய்க்கிழமை பாடம் தொண்டையைப் பற்றி. அதைச் சுற்றி எப்போதும் தண்ணீர் ஓட வேண்டுமாம். ஓடாவிட்டால் பின்னாலிருந்து ஏறும் சூட்டில் குருணை முன்கூட்டியே இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் இறங்கும், நிற்கும், பிறகு மொத்தமாக விழும். ஸ்குரூவுக்கு ஒரு நேரம் விருந்து, ஒரு நேரம் பட்டினி. அதற்காகத் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டாலும் ஆகாது. தொண்டை சில்லென்று ஆகி, வெளியே வேர்த்து, சொட்டுச் சொட்டாக வடியும். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருப்பதுதான் பக்குவம் என்றார் டீச்சர்.

அன்று நாலு மணிக்கு, சூடு அளக்கும் துப்பாக்கியை டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தொண்டையில் காட்டினாள். தொண்ணூற்று நாலு டிகிரி. ஓடிப்போய்ப் பிட்டரை அழைத்துவந்தாள். அவர் பெரிய குழாயிலிருந்த மீட்டரைத் தட்டிப் பார்த்து, பம்ப் நன்றாகத்தான் ஓடுகிறது, தண்ணீரும் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் வருகிறது, தொண்டையோ கொதிக்கிறது. எதை நம்புவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

புதன்கிழமை வகுப்பில் இதை எழுந்து சொன்னாள். பின் வரிசையில் இரவு முழுக்க வேலை பார்த்த களைப்பில் பாதி தூங்கிக்கொண்டிருந்த முணுமுணுப்பு அப்போதுதான் கண்ணைத் திறந்தார். தான் ஓட்டும்போது தொண்டை பனிக்கட்டி மாதிரி இருக்கிறது, மேல்படியெல்லாம் தண்ணீர் சொட்டி மிதிக்க முடியவில்லை, கேட்க நாதியில்லை என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"நீங்கதானேக்கா தொண்டை வால்வை மூடி வச்சுட்டுப் போறீங்க? நான் வந்ததும் முதல் வேலையா அதைத்தானே முழுசா திறக்கறேன். ரெண்டு வருஷமா."

ஹாப்பர் தாங்கிக்குப் பின்னால், சுவரை ஒட்டி அப்படி ஒரு வால்வு இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பேனலைக் காட்டினார்கள், வால்வைக் காட்டவில்லை. நான் தொட்டதே இல்லை என்றாள். முணுமுணுப்பு உதட்டைப் பிதுக்கினார். இரண்டு வருடம் முணுமுணுத்த ஆயிரம் விஷயங்களில் இதையும் முணுமுணுத்திருப்பாராம். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வகுப்பை எட்டிப்பார்க்க வந்திருந்தார். எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டவர், தண்ணீர் வால்வில் நோட்டில் எழுதாமல் கை வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார். அது யாராக இருந்தாலும் அரவைதான் என்றார். சனிக்கிழமை வரை இந்த அறைக்கு வெளியே யாரும் மூச்சு விடக்கூடாது, ஆள் உஷாராகிவிடுவான் என்று சொல்லும்போது அவர் பார்வை அவள்மேல்தான் இருந்தது. கை சரியில்லை என்ற பழி போய், இப்போது கைவரிசை காட்டினாள் என்ற பழி வந்து சேர்ந்திருந்தது.

இரண்டு மணிக்கு மிஷினுக்குப் போனதும், வீட்டுக்காரர் வழக்கமான இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டுப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு பின்பக்கம் சுற்றிப்போய்ப் பார்த்தாள். வால்வு இறுக்க மூடியிருந்தது. முழுதாகத் திறந்தாள். நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று, அலை வரவில்லை. ஐந்து மணிக்கு ஏறிப் பார்க்கப் போனவள் மேல்படியில் காலை வைக்காமல் நின்றாள். படி பளபளத்தது. தொண்டையிலிருந்து துளி துளியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இதில்தான் அன்று வழுக்கியது. இரண்டு வருடங்களில் அந்தப் படி ஒருநாள்கூட ஈரமாக இருந்ததில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குமேல் அவள் யோசித்ததெல்லாம் வேண்டாத யோசனை. இரவில் முணுமுணுப்பு திறக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு அவள் வரும்போது மூடியிருக்கிறது. நடுவில் மிஷின் யார் கையில் இருந்தது? ஒரே ஓர் ஆள். அந்த ஆள்தான் ஞாயிற்றுக்கிழமை, இது உனக்கு எதற்கு என்று கேட்டவர். அவர் ஷிப்டில் குழாய் நன்றாக ஓடும், அவள் வந்ததும் கெடும். பெண்டாட்டி தனக்குச் சமமாக மிஷின் பக்கத்தில் நிற்பது பிடிக்கவில்லையோ? பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. கோணலாகத் தலைவாரிவிட்ட அந்த மனிதரா இப்படி? இருக்காது என்று தலையை ஆட்டிக்கொள்வாள். வேறு யார் என்று மறுநிமிடம் மனம் கேட்கும். வீட்டுக்குப் போனபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அது தெரிந்த முதுகா, தெரியாத முதுகா என்றே புரியவில்லை.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஷெட்டுக்குள் போனாள். மணி ஒன்றே கால். நாலாம் நம்பருக்கு எதிரே அடுக்கியிருந்த குருணை மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சொந்தப் புருஷனை மூட்டை இடுக்கில் ஒளிந்து பார்க்க வேண்டியதாயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒன்றரை மணிக்கு அவர் பேனலை விட்டு நகர்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஹாப்பருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். வால்வுக் கைப்பிடி திரும்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவ்வளவுதான், அவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூட்டையைத் தாண்டி ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

ஆனால் அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு துணி இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. கொடியிலிருந்து யாரோ திருடிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டோடு அவள் சண்டை போட்டாளே, அதே சட்டை. அவர் மேல்படிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துடைத்தார். பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தார். ஒவ்வொரு படியாக இறங்கி நாலு படியையும் துடைத்தார். பிறகு மேல்படியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்து, கையைச் சட்டையில் தேய்த்து, இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். தொண்டையை அண்ணாந்து பார்த்து, சொட்டு நின்றுவிட்டதா என்று ஒரு நிமிடம் காத்திருந்தார். அப்புறம் சட்டையை மடித்துத் தாங்கிக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பேனலுக்குப் போனார்.

அவள் எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்துக்கொண்டாள். மூட்டையில் சாய்ந்தபடி அழுதாள் என்று சொன்னால் பாதி உண்மைதான். மற்ற பாதி ஆத்திரம். இரண்டு வருடம். தினமும். அவள் விழக்கூடாது என்று துடைத்த அதே கைதான் தினமும் அவளைக் குப்புறத் தள்ளியிருக்கிறது. அந்த மனிதருக்கு அது தெரியவும் தெரியாது. வால்வை மூடி இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் தொண்டை சூடாகும். அதற்குள் அவர் வீட்டில் பாதித் தூக்கத்தில் இருப்பார்.

இரண்டு மணிக்கு வழக்கம்போல, "எல்லாம் நல்லா ஓடுது. பார்த்து ஏறு" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? வீட்டுக்காரரிடம் சொன்னால் மேனேஜர் வார்த்தையை மீறியதாகும். இவரும் மூடுவதை நிறுத்திவிடுவார், அவள்தான் மூடினாள் என்ற பழி அப்படியே தங்கிவிடும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை அவரைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுக்க வேண்டும். அன்று வால்வைப் பாதி திறந்து, உள்ளங்கையை வைத்து, வெதுவெதுப்பு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். அலை வரவில்லை. படியும் ஈரமாகவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. இரவில் முணுமுணுப்பு மட்டும், பாதித் திறப்பெல்லாம் தனக்குத் தெரியாது என்று வழக்கம்போல முழுதாகத் திறந்துவைத்தார். கோளாறு பிடிபட்டுவிட்டது. இரண்டு வருடமாக இதற்காகத்தானே தவித்தாள்? ஆனால் தாளில் மூன்று கட்டத்தை நிரப்பிவிட்டு, நாலாவதான யார் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

சனிக்கிழமை ஒன்றே காலுக்கு நாலாம் நம்பர் பக்கத்தில் எல்லாரும் கூடினார்கள். மேனேஜர், டீச்சர், வகுப்பில் படித்தவர்கள், கொட்டாவியோடு முணுமுணுப்பு. வீட்டுக்காரர் இழுவைப் பக்கம், மிஷினின் மறுகோடியில் குழாயை அளந்துகொண்டிருந்தார். அவருக்குப் பயிற்சி அடுத்த மாதம்தான். இது என்ன கூட்டம் என்பது அவருக்குத் தெரியாது.

அவள் சொன்னாள். தொண்டை வால்வு மூடியிருந்தால் நாலு மணிக்குத் தொண்டை தொண்ணூற்றைத் தாண்டுகிறது, குருணை ஒட்டுகிறது, அலை வருகிறது. பாதி திறந்தால் வருவதில்லை. இரண்டு நாளாக ஒரு முழம்கூட ஸ்கிராப் இல்லை. டீச்சர் தாளை வாங்கிப் பார்த்து, இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை என்றார். முணுமுணுப்புகூட ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் அவள் மணிக்கட்டு வலிக்கவில்லை.

மேனேஜர் தாளில் விரலை வைத்தார்.

"யார்ங்கற கட்டம் காலியா இருக்கே. யாரும்மா மூடறது?"

அவள் குழாயைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மேனேஜர் பொறுமையாக, இரண்டு வருடமாக மூடுகிற ஆள் யாரென்று தெரியாமலா இருக்கும் என்றார். தெரியாவிட்டால் அவள் ஷிப்டில் நடந்ததற்கு அவள்தானே பொறுப்பு? அவர் சொன்னதன் அர்த்தம் அரவை என்பது எல்லாருக்கும் புரிந்தது. நான்தான் என்று சொல்லிவிட்டால் என்ன? இரண்டு வருடமாகப் பட்ட அவமானத்தோடு இன்னும் ஒன்று. சொல்லிவிடலாமா என்று அவள் வாயைத் திறந்தாள். எந்தப் பெயரைச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே அப்போதும் தெரியாது.

மணி ஒன்றரை. வீட்டுக்காரர் அளவுக் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். மேனேஜருக்குத் தலையசைத்தார். "கொஞ்சம் நகருங்க சார்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனார். கைப்பிடி திரும்பியது. நீலக் கட்டச் சட்டையோடு வந்து, மேல்படிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். தினமும் இரண்டு பக்கமும் பார்ப்பது அவள் வருகிறாளா என்றுதான். அன்றைக்கு அவள் பக்கத்திலேயே நின்றாள்; அதற்காகத் துடைக்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் படிக்கு இறங்கியபோதுதான் அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதை அவர் கவனித்தார். காரணம் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"இவ ஏறுவா. மேல இருந்து தண்ணி சொட்டும். அதான் மூடிட்டுத் துடைக்கறது."

எத்தனை நாளாக என்று டீச்சர் கேட்டார்.

"கை உடைஞ்சதுல இருந்து. ஒரு நாள் விட்டதில்ல." அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

டீச்சர் தாளை அவரிடம் நீட்டினார். அவர் ஈரக்கையோடு வாங்கி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். ஒருமுறை படித்து, மேலேயிருந்து மறுபடி படித்தார். நாலு மணி என்ற இடத்தில் விரல் நின்றது. அவருடைய முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அலை... என்னாலயா?" என்றார், துடைத்த படியிலேயே உட்கார்ந்துகொண்டு.

"ஆமாங்க."

"நான் உன்னை அரவைக்குப் போகச் சொன்னேனே."

"சொன்னீங்க." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "என்கிட்ட சொல்லிட்டு மூடியிருக்கலாமில்ல?"

"சொன்னா வேணாம்னுடுவே."

"எனக்குத் தெரியாம எதையும் செய்யாதீங்க. நல்லதைக்கூட."

மேனேஜர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. மாற்றுகிற ஆளும் இல்லை. தண்ணீர் வால்வு தண்ணீர் வால்வுதான், நோட்டில் ஏறாதது ஏறாததுதான். வீட்டுக்காரருக்கு ஒரு மெமோ, அரவைப் பகுதியில் காலை ஷிப்ட். ஒரு மாதத்தில் திரும்ப எடுப்பதாக டீச்சருக்காக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். நாலாம் நம்பர் அவளிடமே இருக்கும். பிட்டர் வந்து வால்வில் பாதித் திறப்புக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டார். யாரும் கேட்காமலே முணுமுணுப்பு தானும் இனிமேல் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை என்றார். யார் என்ற கட்டத்தில் அவள், என் வீட்டுக்காரர் என்று எழுதினாள். ஏன் என்ற கட்டத்தில் எதை எழுதினாலும் பொய்யாகவோ குறைவாகவோ தோன்றியது. காலியாகவே கொடுத்தாள். சட்டம் போட்ட டீச்சரும் அதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். அவருக்குக் கூடக் கொஞ்சம் பரிமாறும்போது தான் செய்வது மன்னிப்பா, பழக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத்தை ஒரே நாளில் விட்டுவிடவும் முடியவில்லை, பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அவள் மிஷினுக்கு வந்தாள். காலை ஷிப்டின் புது ஆள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் தொண்டையில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. படி காய்ந்திருந்தது. முதல் படியில் காலை வைத்தபோது, ஷெட்டின் மறுகோடியிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். தலை, புருவம், கழுத்து எல்லாம் கறுப்புத் தூசி. காதில் பஞ்சை எடுக்க மறந்திருந்தார். கையில் அந்த நீலக் கட்டச் சட்டை இருந்தது.

"துடைக்கட்டுமா?" என்று கேட்டார். காதில் பஞ்சு இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அது இருவருக்கும் தெரியும். அவள் ஷிப்ட் நோட்டையும் பேனாவையும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எழுதிட்டுத் துடைங்க."

அவர் நோட்டைப் பேனல்மேல் வைத்து, டீச்சர் தாளைப் போல அவள் அதில் கோடு போட்டிருந்த ஆறு கட்டங்களையும் பார்த்து, எழுத்தெழுத்தாக எழுதினார். நேரம் இரண்டு மணி. என்ன பார்த்தேன் என்பதில் படி என்றும், என்ன மாற்றியது என்பதில் துடைத்தேன் என்றும் எழுதினார். யார் என்பதில் நான் என்று எழுதினார். ஏன் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில் நோட்டை அவளிடமே கொடுத்தார்.

"இதை நீ எழுதிக்கோ."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய்ந்த படியைத் துடைத்தார், ஒவ்வொன்றாக, நாலு படியும். அவள் அந்தக் கட்டத்தில் தெரியும் என்று எழுதி, நோட்டை மூடிவிட்டு, குருணை பார்க்க ஏறினாள்.